வாள் பிடித்த வேலி அண்ணாச்சி

தென்காசியிலிருந்து குற்றாலம் வரை சல்லடை போட்டுத் தேடினாலும், தன் நெஞ்சில் விழுந்த குத்தை ஊருக்கே கேட்கும்படி அறிவிக்கிற மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர்தான் எங்கள் வேலி அண்ணாச்சி. அவருடைய சொந்தப் பெயர் பென்சிங் கிளப்பில் யாருக்கும் தெரியாது. வருகைப் பதிவேட்டிலேயே 'வேலி' என்றுதான் இருக்கிறது.

அவர் அங்கே வந்து சேர்ந்ததே ஒரு தவறால்தான். குற்றாலம் ரோட்டில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் வாசலில் 'பென்சிங் பயிற்சி, வயது வரம்பில்லை' என்று பேனர் கட்டியிருந்தார்கள். வாள் வைத்து ஆடுகிற ஒரு விளையாட்டுக்கு அந்தப் பெயர் என்பது எங்கள் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்களுக்கு பென்சிங் என்றால் கல்லுக்கால் ஊன்றி முள்ளுக்கம்பி கட்டுவது. இலஞ்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளுக்கு முப்பது வருடமாகக் கம்பிவேலி போடுகிற அண்ணாச்சி, ஏதோ புது மாதிரி வேலிக்கு டிரெயினிங் கொடுக்கிறார்கள் என்று நினைத்து, அளக்கிற டேப்பும் கையுமாக வந்து இறங்கிவிட்டார்.

கோச் ஆலங்குளத்துப் பெண். இருபத்தைந்து வயது இருக்கும். விண்ணப்பத்தில் 'அனுபவம்: முப்பது வருடம்' என்று பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

“முப்பது வருஷமா பென்சிங் பண்ணுதீங்களா அண்ணாச்சி! என்ன வெப்பன் எடுப்பீங்க?”

“கட்டிங் பிளேயர்தான்மா. சுத்தியலும் உண்டு.”

கோச் கொஞ்சம் தயங்கினார். “எதிர்ல ஆடுதவங்க எல்லாம் எப்படி?”

“பக்கத்துத் தோப்புக்காரன்தான். ஓரடி உள்ள தள்ளிப் போட்டுட்டேன்னு அருவாளத் தூக்கிட்டு வருவான்.”

விஷயம் புரிந்ததும் வேறு யாராக இருந்தாலும் அசடு வழிந்து நழுவியிருப்பார்கள். அண்ணாச்சி மேசையில் இருந்த வாளை எடுத்து வளைத்துப் பார்த்தார். முகமூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். “கம்பி நல்ல கம்பிதான். ஆனா இது கோழிக்கூண்டு வலைல்லா?” என்றார். பிறகு, “சரி, வந்தது வந்தாச்சு. என்னயும் சேத்துக்கிடுங்க” என்று பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இதையெல்லாம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் நானும் சேர வந்திருந்தேன்.

எனக்கு வயது நாற்பத்தாறு. தென்காசியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எல்லா மாத்திரைகளின் பக்கவிளைவும் தெரிந்த மனிதன் நிம்மதியாக இருக்க முடியுமா? ஒரு வருடமாக எனக்குக் காரணமே இல்லாமல் பயம். போன் அடித்தால் நெஞ்சு படபடக்கும், அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்று படபடக்கும். ஊரே சீசனில் அருவிக்குப் போய்க் குளிக்கிறது, நான் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டே திரும்பி வந்தேன். ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், “உடம்புக்கு ஒண்ணுமில்ல, நாலு பேரோட சேர்ந்து ஏதாவது விளையாடுங்க” என்றார். முகத்தை மூடிக்கொண்டு ஆடுகிற விளையாட்டு எங்கள் ஊரில் இது ஒன்றுதான். அதனால் வந்தேன்.

ஆச்சரியம் என்னவென்றால், பயிற்சி இருக்கிற செவ்வாயும் சனியும் மட்டும் நான் மாத்திரை இல்லாமல் தூங்கினேன். அந்த இரண்டு தூக்கத்துக்காக எதையும் தாங்கலாம் என்று இருந்தது.

ஆனால் ஆட்டம் என்று வந்தால் நான் பின்னாலேயே போவேன். எதிரே வாள் நுனி வந்தால் ஒரு அடி பின்னால், இன்னொரு அடி பின்னால். முதுகுப் பக்கத்துக் கோட்டை இரண்டு காலும் தாண்டினால் எதிராளிக்குப் புள்ளி. ஐந்து புள்ளி எடுத்தவர் ஜெயித்தவர். மூன்று ஆட்டத்தில் என் மேல் ஒரு குத்துகூட விழவில்லை. மூன்றிலும் ஐந்துக்குப் பூஜ்யம். ஒரு தடவை பின்னால் போன வேகத்தில் மணமேடைப் படியில் உட்கார்ந்தேவிட்டேன். தலைக்கு மேல் சுவரில், போன முகூர்த்தத்துக்கு ஒட்டிய தெர்மாகோல் எழுத்துகள் மணமக்களை வாழ்த்திக்கொண்டிருந்தன.

அண்ணாச்சியின் வியாதி வேறு. விளக்கு எரிந்து குத்தைக் காட்டுகிற கருவியெல்லாம் எங்கள் கிளப்பில் இல்லை. குத்து பட்டால் பட்டவரே கையைத் தூக்கி ஒப்புக்கொள்ள வேண்டும். அண்ணாச்சி கையைத் தூக்குவதோடு நிற்கமாட்டார். “பட்டுட்டு!” என்று ஒரு கத்து கத்துவார். முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு மண்டபத்து மேனேஜர் சாப்பாட்டுக் கையோடு ஓடிவந்தார். படாதபோதும் கத்துவதுதான் பெரிய தொல்லை.

“அண்ணாச்சி, படவே இல்ல” என்பார் கோச்.

“இருக்கட்டும்மா. ஓரடிய விட்டுக் குடுத்துட்டா சண்டையே இல்லல்லா?”

கிளப்பில் மற்றவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவரை ஜெயித்தால் கணக்கில் சேராது என்று அவரோடு ஆடமாட்டார்கள். என்னை ஜெயிப்பது அதைவிடக் கேவலம் என்று என்னோடும் ஆடமாட்டார்கள். ஆகவே நாங்கள் இருவரும் ஜோடி. முதுகில் ஜிப் வைத்த உடுப்பைப் போட்டுவிடுவதும் கழற்றிவிடுவதும்கூட ஒருவருக்கு ஒருவர்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “சார், அடுத்த வாரம் நெறைய பேர் புதுசா வாராங்க. எடம் பத்தாது. சனிக்கிழம ஒரே ஒரு ஆட்டம். கடைசிப் புள்ளி விழும்போது நீங்க கோட்டுக்குள்ள நிக்கணும். தோத்தாலும் பரவால்ல. இல்லன்னா நீங்க வாக்கிங் போறதுதான் நல்லது சார்.”

சனிக்கிழமை வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் ஒருவர் இருமல் மருந்து கேட்க, வயிற்றுப்போக்கு மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். வாக்கிங் போகலாம்தான். ஆனால் அந்த இரண்டு நாள் தூக்கம்?

அன்றைக்குச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. எதிரே அண்ணாச்சி. ஆட்டம் தொடங்கிய இரண்டு நிமிடத்தில் இரண்டு முறை கோட்டைத் தாண்டிவிட்டேன். கோச் நோட்டில் ஏதோ எழுதினார். அதைப் பார்த்ததும் என் செருப்பு எங்கே கிடக்கிறது என்று தேடினேன்.

“ஒரு நிமிஷம்மா” என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி வெளியே போனார். அவருடைய லோடு ஆட்டோவிலிருந்து ஒரு முள்ளுக்கம்பிச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து என் முதுகுப் பக்கம் போனார். கலகலவென்று சத்தம் கேட்டது. திரும்பி வந்து முகமூடியை மாட்டிக்கொண்டார்.

“கோட்டுக்கு அங்கன அஞ்சு வரி இழுத்துக் கட்டியிருக்கேன். ஒரு வாரம் மழையில கெடந்த கம்பி. முதுகு பத்திரம்வே.”

ஒரு நிமிடத்தில் ஐந்து வரி எப்படிக் கட்ட முடியும் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. நான் யோசித்தது டெட்டனஸ் ஊசியை. திரும்பிப் பார்த்தால் அந்த நொடியில் அவர் குத்திவிடுவார். பின்னால் துருப்பிடித்த முள், முன்னால் ரப்பர் முனை வைத்த வாள். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு முன்பக்கம் பரவாயில்லை என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வைத்துக் கையை நீட்டினேன். ஏதோ இடித்தது. கண்ணைத் திறந்தால் என் வாள் அவர் நெஞ்சில் வில்லாக வளைந்து நிற்கிறது.

“பட்டுட்டு!”

அன்றைக்கு நான் மூன்றுக்கு ஐந்து என்று தோற்றேன். ஆனால் அந்த இரண்டு முறைக்குப் பிறகு கோட்டைத் தாண்டவில்லை. “செவ்வாக்கிழம வந்துருங்க சார்” என்றார் கோச். எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, முகமூடி இருந்தது.

பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். கம்பிச் சுருள் அவிழ்க்காமல் அப்படியே சுவரோரம் கிடந்தது.

“என்ன அண்ணாச்சி, இப்படிப் பொய் சொல்லிட்டீங்க?”

அவர் என் முதுகு ஜிப்பைத் திறந்துகொண்டிருந்தார். “பின்ன என்னவே செய்ய? கோச் உம்மகிட்ட சொன்னது என் காதுலயும் விழுந்துட்டு. நீரும் போயிட்டீருன்னா என்கூட ஆட யாரு இருக்கா? நாலு நாளா எனக்கு அதே பயம். சோறு எறங்கல.”

என்னால் ஒருவருக்குச் சோறு இறங்கவில்லை என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை கடையில் சரக்கு வந்து இறங்கியதால் என்னால் போக முடியவில்லை. அண்ணாச்சி முழு உடுப்பும் போட்டுக்கொண்டு, முதுகு ஜிப் திறந்தபடியே ஏழு மணி வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். “நான் ஜிப்பப் போட்டு விடட்டுமா அண்ணாச்சி?” என்று கோச் கேட்டதற்கு, “அவரு வந்துருவாரும்மா” என்றாராம்.

எனக்குப் பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் செவ்வாயும் சனியும் யார் மருந்துச் சீட்டை நீட்டினாலும் ஐந்து மணிக்குக் கடையைச் சாத்திவிடுகிறேன். அண்ணாச்சி காத்திருப்பார்.