ஒன்பது டிக்கெட்

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கு ஒன்பது டிக்கெட்தான் போயிருக்கிறது என்று லக்‌ஷிகா தொலைபேசியில் யாருக்கோ சொன்னது, தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த ஸ்ரீதரனின் காதில் விழுந்தது.

பதினொரு வருடமாக மூன்று வெள்ளைக்காரப் பொடியன்களோடு ராக் பாண்டில் டிரம் அடிக்கிறாள் மகள். இரண்டு ஆல்பம் வந்தது. வானொலியில் ஒருமுறை பாட்டுப் போனது. பிறகு மண்டபங்கள் சிறுத்துக்கொண்டே வந்து, இந்த ஞாயிறு, கடைசி நிகழ்ச்சி, லண்டன் டூட்டிங்கில் ஒரு பப்பின் மேல்மாடியில் வந்து நின்றது. அதோடு பாண்ட் கலைகிறது.

"உந்தச் சத்தத்தைக் கேக்க நான் வரமாட்டன்" என்று தொடக்கத்தில் ஒருநாள் சொல்லியிருந்தார். அவளும் அதன்பின் கூப்பிடவில்லை. அந்த மௌனத்தை எங்கே பிடித்துத் திறப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. ஆனாலும் வெறும் அறையில் பிள்ளை அடிக்கக்கூடாது.

கார் ஓட்டப் பழக்குவது ஸ்ரீதரனின் தொழில். தன்னிடம் ஓட்டப் பழகியவர்களின் வாட்ஸ்அப் குழுவில், 'மகளின் மேடை நிகழ்ச்சி. குடும்பமாக வரவும். நான் சொன்னது அவளுக்குத் தெரியவேண்டாம்' என்று போட்டார். மிச்ச டிக்கெட்டையும் தானே வாங்கிக் கொடுத்தார்.

எல்லோரும் அரங்கேற்றம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"மாஸ்டர், அங்க கதிரை இருக்கோ?" நாலாவது முயற்சியில் லைசென்ஸ் எடுத்த செல்வமலர் கேட்டாள்.

"அது நிண்டு பாக்கிறது, தங்கச்சி."

"இரண்டு மணித்தியாலம் நிக்க எனக்கு ஏலாது."

கோயில் மண்டபத்திலிருந்து அறுபது கதிரைகள் போயின.

வாசலில் பெயர்ப்பட்டியலோடு பெனிற்றா நின்றாள். தொடக்கம் முதல் பாண்டோடு இருப்பவள். டிக்கெட் எடுத்தவர்கள், எடுக்காமலே வரக்கூடிய சொந்தக்காரர்கள் எல்லோரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். மகளின் கண்ணில் படாமலிருக்க ஸ்ரீதரன் பின்படியால் ஏறி, கதவுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

கதிரைகள் அறையை அடைத்தன. துள்ளி ஆட வந்த ஒன்பது ரசிகர்களுக்கும் சந்தனப் பொட்டு வைத்து முன்வரிசையில் இருத்தினார்கள். அவர்களில் ஒரு பச்சைத் தலைமயிர்க்காரனின் மடியில், யாரோ சாப்பிடக் கொடுத்த இரண்டு ரோல்ஸ்.

"குரு ஆர், மாஸ்டர்?" செல்வமலர் கதவிடுக்கில் எட்டிக் கேட்டாள்.

"இதுக்குக் குரு இல்லை."

"குரு இல்லாமல் எப்பிடி?"

மூலையில் ஒலிக்கருவிகளோடு ஒரு தாடிக்காரர் இருந்தார். அவர்தான் குரு என்று நினைத்து, முதல் பாட்டின் நடுவில் செல்வமலர் போய் அவருக்குப் பொன்னாடை போர்த்தினாள். அவர் திகைத்து எழும்பியதில் கைபட்டு, ஒலிபெருக்கிகள் எல்லாம் நின்றுபோயின.

கிற்றார்க்காரர்கள் ஊமைப்படம்போல வாயசைத்தார்கள். மின்சாரம் தேவைப்படாத டிரம் மட்டும் கேட்டது.

ஸ்ரீதரன் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் என்னால்தான்.

லக்‌ஷிகா நிறுத்தவில்லை. அரங்கேற்றத்தில் இது தனி ஆவர்த்தனம் என்று நினைத்த சபை, தொடையில் தட்டித் தாளம் போடத் தொடங்கியது. பச்சைத் தலையும் பார்த்துப் பார்த்துப் போட்டது. அறுபது பேரின் தாளத்துக்கு மேலே அவள் ஏறி ஏறி அடித்தாள். தன் பிள்ளை அடிப்பதை அவர் முதல்முறையாகக் கேட்டார். கதவின் பலகையில் அவருடைய விரல்களும் தட்டிக்கொண்டிருந்தன.

கைதட்டல் ஓயுமுன் பின்படியால் நழுவப் பார்த்தவரை பெனிற்றா பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளை, நான் வந்ததை அவளுக்குச் சொல்லிப்போடாதை."

"சொல்லாமல் ஏலாது, அங்கிள்" என்று பட்டியலை நீட்டினாள். "பதினொரு வருஷமா எல்லா ஷோவுக்கும் இதில முதல் பேர் உங்கடதான். முடிஞ்ச உடன ஓடி வந்து, அப்பான்ர பேருக்கு டிக் போட்டனியோ எண்டுதான் அவ கேப்பா."