என் கொக்கியில் மஞ்சள் தொப்பி

அன்புள்ள சோல்வெய்க் அத்தைக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும், பூனையின் எடை கூடியிருக்கும் என்று நம்பி சிக்ரிட் எழுதுவது.

கரையேற்றி வைத்திருந்த எங்கள் படகின் குளிர்காலத் தார்ப்பாயை உருவிவிட்டு ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது, உள்ளறையில் என் கொக்கியில் தொங்கிய மஞ்சள் தொப்பிதான். என் கொக்கி என்று எழுதிவைக்கவில்லை. ஆனால் ஆறு வருஷமாக என் தொப்பி தொங்கினால் அது யாருடையதாம்? மஞ்சள் தொப்பி லின்னேயாவுடையது. அப்பா கல்யாணம் செய்துகொள்ளப்போகும் குனில்லாவின் மகள். என் வயதுதான், வாய் மட்டும் மூடாது. நான் இரண்டு வாரம் மல்லாந்து கிடந்து படகின் அடியில் பழைய நீலப் பெயிண்டைச் சுரண்டினேன். அவள் வந்து ஒரு கோடு பெயிண்ட் அடித்தாள். "என்ன கை பாரேன்!" என்று பூரித்தார் அப்பா. பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து வசந்தம்தோறும் என் கை முழங்கைவரை நீலமாகத்தான் இருக்கிறது, அவர் கண்ணில் பட்டதில்லை.

அதுகூடப் போகட்டும் அத்தை. கிரேன் படகை நீரில் இறக்கும்போது உள்ளே ஒருவர் நின்று, தரைப்பலகையைத் தூக்கி, தண்ணீர் கசியவில்லை என்று கட்டைவிரலைக் காட்ட வேண்டும். அதன்பிறகுதான் படகு கிளப் முழுக்கக் காபியும் இலவங்கப்பட்டை பன்னும். அது என் வேலை. வாயைத் திறக்காமல் கிடைக்கும் ஒரே பெருமை.

"இந்தத் தடவ லின்னேயா நிக்கட்டும்டா கண்ணு. நீதான் வருஷா வருஷம் நிக்கிறியே."

"சரிப்பா" என்றேன். எப்போதும் தப்பான நேரத்தில் வரும் சொல்.

"உள்ள என்ன பாக்கணும்?" என்றாள் அவள்.

"தண்ணி."

"அதுக்கு எதுக்கு உள்ள போகணும்? சுத்தி அதானே இருக்கு!"

கிரேன்கார ரொல்ஃப் மாமாகூடச் சிரித்தார்.

என் கோப்பையை எடுக்கப் படகுக்குள் போனபோது கழுவுதொட்டிக்கு அடியில் பார்த்தேன். உறைந்து வெடிக்காமலிருக்க இலையுதிர்காலத்தில் திறந்துவிடுவோமே, படகின் அடியில் நேரே கடலுக்குத் திறக்கும் அந்த அடிவால்வு. மூடச் சொன்னது அவளிடம். கைப்பிடியைப் பளபளவென்று துடைத்து, அழகாகத் திறந்தே வைத்திருக்கிறாள். மேலே குழாய்வேறு மாட்டவில்லை. அதைத் தொடாமல் கோப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். கடல் உள்ளே வரட்டும், மஞ்சள் தொப்பி மிதக்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும்.

எங்கள் முறை பதினான்கு. இதை எழுதும்போது பன்னிரண்டாவது படகு கிரேனில் தொங்குகிறது. இந்தக் கோடையில் நான் எங்கள் படகில் கால் வைக்கமாட்டேன். உங்கள் மாடியறையை ஒழித்துவையுங்கள், கொக்கியைக் கழற்றிக்கொண்டு வருகிறேன். பூனைக்கும் பக்கத்து வீட்டாருக்கும் என் அன்பு.

உங்கள்
சிக்ரிட்

பி.கு.: அறையை ஒழிக்க வேண்டாம். ஏணியில் ஏறுமுன் லின்னேயா என் காதருகே வந்தாள். "எனக்கு நீச்சல் வராது. உங்கப்பாட்ட சொல்லிடாத, மானம் போயிடும். நீ பாத்துட்டேல்ல? எல்லாம் சரியாத்தானே இருக்கு?" வாயில் வழக்கம்போல "சரி" வந்துவிட்டது. கிரேனின் பட்டைகள் இறுகி, படகு அவளோடு தாங்கியை விட்டு எழும்பியதும், "நிறுத்துங்க! வால்வு தெறந்திருக்கு!" என்று யாரோ கத்தினார்கள். நான்தான். காபி வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ரொல்ஃப் மாமா படகைத் திரும்ப இறக்கினார். நான் ஏறிப்போய் வால்வை மூடினேன், குழாயை மாட்டினேன், என் தொப்பியை எடுத்து அந்த மஞ்சள் தொப்பியின் மேலேயே மாட்டினேன்.