மாடி அறைக்கு வந்த ஆட்சேபம்

சந்தானத்துக்குத் தலை கிர்ரென்று சுற்றியது. மொட்டை மாடியில் ஓர் அறை கட்ட அனுமதி கேட்டால், மாநகராட்சி முடியாது என்றுவிட்டது! யாரோ ஆட்சேபம் தெரிவித்திருக்கிறார்களாம். துறைமுக அலுவலகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர், வங்காளிகள் நிறைந்த லேக் கார்டன்ஸில் தன் சொந்த வீட்டில், "செத்த எழுந்து கறிகாய் வாங்கிண்டு வாங்கோளேன்" என்ற மனைவியின் குரல் எட்டாத உயரத்தில் ஒரே ஓர் அறை கேட்டார். அரண்மனையா கேட்டார்?

"யார் வேலைன்னு எனக்குத் தெரியும்டி. பக்கத்து வீட்டுச் சக்ரவர்த்தி! வெயில் மறைஞ்சுடும்னு வயித்தெரிச்சல்."

"இருக்கும், இருக்கும்," என்றாள் ஷியாமளா, பீன்ஸ் நறுக்கியபடி.

அன்றோடு சக்ரவர்த்தியோடு பேச்சு நின்றது. துர்கா பூஜை முடிந்ததும் அந்த மனுஷன் வாசல் தேடிக் கொண்டுவந்த சந்தேஷ் மிட்டாயைச் சந்தானம் விரலால்கூடத் தொடவில்லை. பாவம் ஷியாமளாதான், முழு டப்பாவையும் ஒண்டியாகத் தின்று தீர்த்தாள்.

மேல்முறையீடு செய்தார். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வக்கீல் எதற்கு, நானே பேசுகிறேன் என்று மார்தட்டினார். ஆனால் கடையில் சட்டை எடுத்தால்கூட, "பிடிச்சிருக்கா?" என்று கேட்டவனை விட்டுவிட்டு ஷியாமளாவைத் திரும்பிப் பார்க்கிறவர் அவர். அவளே யோசனை சொன்னாள்.

"ஒத்திகை பாத்துடலாம். நான்தான் அதிகாரி. ம், எதுக்கு மாடியிலே ரூம்?"

"அமைதியாப் படிக்க."

"கடைசியா என்ன புஸ்தகம் படிச்சேள்?"

"அதிகாரி இதெல்லாம் கேக்க மாட்டான்டி!"

"கேட்டா? பொய் சொன்னா மாட்டிப்பேள். நிஜத்தை எங்கிட்டேயாவது சொல்லுங்கோ."

"நிஜமா? மத்தியானம் நிம்மதியாத் தூங்கணும். வேளாவேளைக்குக் காபி, டிபன் மேலே வந்துடணும்."

"யார் கொண்டு வருவா?"

"இதென்ன கேள்வி? நீதான்!"

"என் முழங்கால் வலி?"

"நாலு தடவை ஏறி இறங்கினா தானா சரியாப் போயிடும்."

"பேஷ்! நன்னாப் பேசறேள்," என்றாள் ஷியாமளா.

விசாரணையன்று தயிர்சாதம் போட்டு, தெருமுனை வரை வந்து ஆட்டோ ஏற்றிவிட்டாள். அவரும் சும்மா சொல்லக்கூடாது, இங்கிலீஷில் பொளந்து கட்டினார். அதிகாரியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆட்சேபம் சொன்னவரை உள்ளே அழைக்கச் சொன்னார். வாடா சக்ரவர்த்தி என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார் சந்தானம்.

கதவு திறந்தது. பச்சைப் பட்டுப்புடவை. போன தீபாவளிக்கு அவரே வாங்கிக் கொடுத்தது.

மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டோம் போல, கொண்டுவந்திருக்கிறாள் என்று உருகிப்போனார். மூக்கைத் தடவிப் பார்த்தார். கண்ணாடி அங்கேதான் இருந்தது. ஷியாமளா நேராகப் போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஐயய்யோ! நீயா?"

"வீட்டிலே பாதி என் பேர்லேன்னா இருக்கு? எனக்கும் ஒரு வார்த்தை சொல்ல இடமிருக்கோல்லியோ?"

சந்தானம் மடித்துவிட்ட சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டார். அந்தச் சந்தேஷ் போச்சே என்ற நினைப்பு வேறு நடுவில் வந்து தொலைத்தது. ஷியாமளா வங்காளத்தில் மடை திறந்த மாதிரி பேசினாள். கத்தரிக்காய் வாங்குகிற அளவுக்குத்தான் அவருக்கு வங்காளம் வரும். ஆனால் அவள் கையைக் கன்னத்தில் வைத்துத் தூங்கிக் காட்டியதும், டம்ளரைத் தூக்குவது போல அபிநயம் பிடித்ததும், முழங்காலைத் தடவியதும் நன்றாகவே புரிந்தன. ஒத்திகையில் ஒரு வரி விடவில்லை, பாவி!

அதிகாரியம்மாவின் கையும் தன்னையறியாமல் தன் முழங்காலுக்குப் போனது. பிறகு சந்தானத்தை ஒரு முறை முறைத்து, "நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

சந்தானம் பழக்கதோஷத்தில் ஷியாமளாவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லேன்னு சொல்லுங்கோ," என்றாள் அவள்.

"நத்திங், மேடம்," என்றார் சந்தானம்.