பீப்பா அண்ணையின் மேப்பிள் பீர்

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் வாழ்ந்த தமிழர்களில், ஒரு நாற்காலியைக் குடித்துவிடத் துணிந்த ஒரே மனிதர் எங்கள் பீப்பா அண்ணைதான்.

அஜின்கோர்ட்டில் ஒரு பேஸ்மென்டில் நாலு பேர் குடியிருந்தோம். அண்ணை அங்கேயே பீர் காய்ச்சினார். நல்ல பீர் ஓக் மரப் பீப்பாவில் ஊறவேண்டும் என்று எங்கோ வாசித்துவிட்டு, யாரோ குப்பைக்கு வைத்த ஓக் நாற்காலியைத் தூக்கி வந்தார். அதன் காலை அறுத்து, சீவி, அடுப்பில் வாட்டினார். புகை அலாரம் அலறியது. மேல்வீட்டுக்காரர் பாதிச் சவரத்தோடு ஓடி வந்தார்.

"என்ன அண்ணை உது?" என்றேன்.

"பீப்பாவுக்குள்ளை பீர் விட வசதியில்லை. அதுதான் பீருக்குள்ளை பீப்பாவை விடுறன்."

அன்றைக்கு விழுந்த பெயர் அது.

போத்தலில் அடைக்கும்போது நுரைக்காகக் கொஞ்சம் இனிப்புச் சேர்க்கவேண்டுமாம். அண்ணைக்குத் தாராள மனசு. மேப்பிள் பாணியை, அந்த மரத்துச் சர்க்கரைப் பாகை, கவிழ்த்து ஊற்றினார். போத்தல்களை அலுமாரிக்குள் அடுக்கிப் பூட்டினார். ஆனால் எங்களுக்கு ஒரு சொட்டும் தரவில்லை. கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்த மனைவி வந்த பிறகுதான் திறப்பாராம்.

"அக்கா பீர் குடிப்பாவோ?"

"சீ! நான் குடிக்க, அவ பக்கத்திலை நிண்டு ஏசவேணும். அந்த ஏச்சில்லாமல் இவ்வளவு வருசமா எனக்கு ஒண்டும் வடிவா இறங்கேல்லையடா."

அக்கா ஒருவழியாக வந்து சேர்ந்தார். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அலுமாரிக்குள் 'படீர்' என்றது. பிறகு இன்னொன்று. மறுகணம் ஐந்து பேரும் தரையில் குப்புறக் கிடந்தோம். போர்க்காலத்தில் ஊரில் பழகிய பழக்கம், யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. முதலில் விழுந்தது அக்கா. விழும்போது என் கொலரையும் பிடித்து இழுத்துக்கொண்டுதான் விழுந்தார். அலுமாரிக்கு அடியிலிருந்து நுரை வழிந்து எங்கள் மூக்கடிக்கு வந்தது.

"ஷெல் இல்லைப் பிள்ளையள், பாணி கூடிப்போச்சு!" என்றார் அண்ணை.

நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. என் கொலரைப் பிடித்த கையை விடவும் இல்லை. அதற்குப் பிறகு அவர் யாரோடும் பேசவில்லை.

"ஒரு சொல்லு ஏசேல்லையடா," என்று அண்ணை என்னிடம் வந்து அழாக்குறையாகச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை காலை, மிச்சப் போத்தல்களை ஒவ்வொன்றாக ஈரத் துவாயில் சுற்றி, சத்தம் வராமல் திறந்து, சிங்கில் ஊற்றத் தொடங்கினார். அத்தனை மாதம் பொத்திப் பொத்தி வைத்த பீர். கடைசிப் போத்தலில் கை வைக்கும்போது அக்கா தேத்தண்ணி போட வந்தார். மூக்கைச் சுருக்கினார்.

"இஞ்சேருங்கோ! அவ்வளவு பாணியையும் சிங்குக்குள்ளையோ ஊத்தினீங்கள்? நாற்காலி அவிக்கவோ கனடாவுக்கு வந்தனீங்கள்? உந்தத் தலைமயிரை வெட்டினால் என்ன?"

அண்ணையின் கண் நிறைந்துவிட்டது. அவசரமாக ஒரு கிளாஸைத் தேடி எடுத்தார்.

"நிப்பாட்டாதையும், ஏசும், ஏசும்," என்றபடி ஊற்றிக் குடித்தார்.

எங்களுக்கும் ஆளுக்கொரு மிடறு கிடைத்தது. சத்தியமாக நாற்காலிதான் மணத்தது. அதற்குப் பிறகு எவ்வளவோ நல்ல பீர் குடித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மனம் அந்த மனிசனைத்தான் தேடுகிறது.