இன்னும் ஈரமுங்க

சேர்வராயன் மலையில் பனியோடு நேருக்கு நேர் நின்று சண்டை போட்ட ஒரே மனிதர் எங்கள் ஈரமண்ணன்தான். மற்றவர்கள் பனி இறங்கினால் ஸ்வெட்டரை மாட்டுவார்கள், டீக்கடைக்குள் ஒதுங்குவார்கள், சேலத்திலிருந்து வந்த டூரிஸ்ட்டாக இருந்தால் செல்போனில் படம் பிடிப்பார்கள். ஈரமண்ணன் மட்டும் ஷெட் வாசலில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று, பனியைப் பார்த்து, "ஏன், உனக்கு வேற ஊரே கெடைக்கலயா? ஊட்டிக்குப் போறதுதானே!" என்று கத்துவார். பனி அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. பழைய கார்களில் வெளுத்துப்போன சீட்டுகளுக்கு நிறம் கொடுப்பது அவர் தொழில். சீட்டைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெடிப்புகளை அடைத்து, அதற்கு மேல் சாயத்தைப் பஞ்சில் தொட்டு மெல்லிசாகப் பூசவேண்டும். ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்த பூச்சு. ஏற்காட்டில் துவைத்துப் போட்ட பனியன் காய்வதற்கே கடவுள் மனசு வைக்கவேண்டும். இந்த ஊரில் வந்து இப்படி ஒரு தொழிலைத் தேர்ந்தெடுத்தவரை என்ன சொல்வது?

கிளியூர் போகும் வழியில் அவருடைய தகர ஷெட் இருந்தது. காரைக் கொடுத்தவர்கள் எப்போது போய்க் கேட்டாலும் ஒரே பதில்தான். "இன்னும் ஈரமுங்க." கோபமாகக் கேட்டாலும் அதே பதில், கெஞ்சிக் கேட்டாலும் அதே பதில். அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் எதுவென்று ஊரில் யாருக்கும் தெரியாது. அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம்.

எங்கள் ஊர் டாக்டர் ஒருவர் தன் பழைய காரை அவரிடம் விட்டுவிட்டு, அது திரும்பி வரும்வரை கிளினிக்குக்கு நடந்தே போனார். கார் வருவதற்குள் டாக்டருக்குச் சர்க்கரை குறைந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் நோயாளிகளிடம், "உங்ககிட்ட பழைய கார் இருக்குதுங்களா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பியூட்டி பார்லர் திறந்தபோது, தலைமுடி காயவைக்கும் மெஷின் என்று ஒன்று உலகத்தில் இருப்பது ஈரமண்ணனுக்குத் தெரிந்தது. நேராக உள்ளே போய் இரவல் கேட்டார். கொடுத்தார்கள். அதை வைத்து ஒரு ஜீப்பின் பின்சீட்டை விடாமல் காயவைத்ததில் மெஷின் புகைந்து உயிரை விட்டது. அன்றைக்குப் பார்லரில் ஒரு கல்யாணப் பெண் பாதித் தலை ஈரத்தோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஈரமண்ணன் போய் ஆறுதல் சொன்னார். "அழுகாத கண்ணு. என்ற சீட்டும் பாதிதான் காஞ்சிருக்குது."

ஷெட்டின் மேலே, 'பழைய சீட்டுகள் புதுப்பித்துத் தரப்படும்' என்று போர்டு வைத்திருந்தார். தேர்தல் நேரத்தில் ஒரு மாஜி கவுன்சிலர் அதைப் படித்துவிட்டு, வண்டியை நிறுத்தி உள்ளே வந்து, ரகசியமாக, "மேலிடத்துல ஆளு இருக்குதுங்களா?" என்று கேட்டார். ஈரமண்ணன் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்து, "கொரங்குதானுங்க இருக்குது" என்றார்.

இவ்வளவு இருந்தும் அவரிடம் ஏன் போனார்கள் என்றால், அவர் பூசிய சாயம் துணியில் ஒட்டாது, உரியாது. அதற்கு அவர் வைத்திருந்த பரீட்சை வேட்டிப் பரீட்சை. வேலை முடிந்ததும் வெள்ளை வேட்டி கட்டி, அந்தச் சீட்டில் ஏறி அமர்ந்து, சொந்தக்காரரையே ஓட்டச் சொல்லி ஏரியைச் சுற்றி வருவார். இறங்கியதும் நடுரோட்டில் முதுகைக் காட்டி நின்று, "பாருங்க, ஏதாச்சும் ஒட்டியிருக்குதா?" என்பார். போகிற வருகிற டூரிஸ்ட் குடும்பங்கள் திகைத்துப் போய்ப் பார்க்கும். வேட்டியில் பொட்டு நிறம் இருந்தாலும் காரைத் தரமாட்டார். "இன்னும் ஈரமுங்க."

இனி என் கதைக்கு வருகிறேன். நான் சேலத்துக்காரன். ஏற்காட்டில் சின்னதாக ஒரு லாட்ஜ் நடத்துகிறேன். என் மனைவி மலைமேலேயே பிறந்து வளர்ந்த மாரமங்கலத்துப் பெண். அவளுடைய அப்பா ஒரு காப்பி எஸ்டேட்டில் டிரைவராக இருந்தவர். எஸ்டேட் முதலாளியின் அம்பாசடர் கார் புதிதாக வந்தபோது அவள் சின்னப் பிள்ளை. அப்பா காரைத் துடைக்கும்போது கூடவே நின்று வேடிக்கை பார்ப்பாளாம். ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டதற்கு அவர், "மொதலாளி ஊட்டு சீட்டு கண்ணு, நாம உக்காரக் கூடாது" என்று சொல்லிவிட்டார். ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் தொட்டுப் பார்த்ததோடு சரி.

எஸ்டேட் கைமாறி, அந்தக் கார் விலைக்கு வந்தபோது நான்தான் வாங்கினேன். அதற்குள் சீட்டெல்லாம் வெயிலில் வெளுத்துத் தவிட்டு நிறமாகிவிட்டது. அவள் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்காரும்போதெல்லாம் சொல்வாள். "முன்னாடி காப்பி கலர்ல ஜம்முனு இருந்துச்சுங்க." சொல்லும்போது கை சீட்டைத் தடவிக்கொண்டே இருக்கும். ஒருநாள் சாயம் அடித்துவிடலாம் என்று நானும் சொல்வேன். சீசன் வரும், கூட்டம் வரும், லாட்ஜில் தண்ணீர் மோட்டார் கெட்டுப்போகும். அந்த ஒருநாள் மட்டும் வராது.

சில வருஷங்களுக்கு முன் அவளுக்கு இதயத்தில் ஆபரேஷன் ஆனது. சேலத்தில் ஆஸ்பத்திரி. நான் போவதும் வருவதுமாக இருந்தேன். முதல் தடவை பார்க்க விட்டபோது குழாய்களுக்கு நடுவே சின்னதாகப் படுத்திருந்தாள். என்ன பேசுவதென்று தெரியாமல், "கார் நல்லா ஓடுது" என்றேன். அதற்கும் சிரித்தாள். அன்றைக்கு மலை ஏறும்போது பக்கத்துச் சீட்டைப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும், "மெதுவாப் போங்க" என்று சொல்ல ஆளில்லாமல் கார் அநியாயத்துக்கு அமைதியாக இருந்தது. அவள் திரும்பி வந்தால் காப்பி கலர் சீட்டில்தான் வரவேண்டும் என்று முடிவு செய்தேன். வந்தால் என்ற அந்த ஒரு சொல்தான் என்னைத் தூங்க விடவில்லை.

காரைக் கொண்டுபோய் ஷெட்டில் நிறுத்தி, "காப்பி கலர் வேணுமுங்க. அவ வர்றதுக்குள்ள வேணும்" என்றேன்.

ஈரமண்ணன் வழக்கமான பேச்சு எதுவும் பேசவில்லை. "அம்மிணி எப்பிடி இருக்குது?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "உட்டுட்டுப் போங்க" என்றார்.

அப்புறம் பனி பிடித்துக்கொண்டது. ஏரி தெரியவில்லை, எதிர்க் கடை தெரியவில்லை. நான் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். ஷெட்டுக்குள் ஈரமண்ணன் கரி அடுப்பை மூட்டி, கார்க் கதவுகளைத் திறந்துவைத்து, பிரசவம் பார்க்கிறவர் மாதிரி பக்கத்திலேயே இருந்தார். வாசலில் தலையைக் கண்டாலே, "இன்னும் ஈரமுங்க" என்று குரல் வரும். நாளைக்கு டிஸ்சார்ஜ் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் நான் போய், ஈரமோ காய்ந்ததோ, விடிந்ததும் கார் வேண்டும் என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன்.

காலையில் போய்க் கார்க் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். சீட்டுகள் சிவப்பாக இருந்தன. நல்ல அடர்ந்த சிவப்பு.

"என்னங்க இது?"

"காப்பி கலருங்க."

"இதுவா காப்பி? இந்த நெறத்துல இருந்தா எவன் குடிப்பான்?"

"குடிக்கறதுக்கா கேட்டீங்க? உக்கார்றதுக்குத்தானே கேட்டீங்க?"

அவர் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், வேலியோரம் நின்ற காப்பிச் செடியிலிருந்து ஒரு பழத்தைப் பறித்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது என்னங்க?"

"காப்பிப் பழம்."

"அப்ப இதுதானே காப்பி? இதைப் பறிச்சு, தோலை உரிச்சு, காயவெச்சு, வறுத்து, பொடிச்சு, பத்தாததுக்குப் பாலையும் ஊத்திக் கெடுத்துப்போட்டு, அந்தக் கலரைக் காப்பி கலர்னு சேலத்துக்காரங்க வேணா சொல்லிக்கட்டும். மலைமேல இதுதானுங்க காப்பி!"

சண்டை போட நேரமில்லை. வேட்டிப் பரீட்சைக்கும் நேரமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காரை எடுத்தேன். மலை இறங்குகிற வழியெல்லாம் அவரைத் திட்டினேன். அவளிடம் என்ன சொல்வது? இத்தனை வருஷம் ஆசைப்பட்ட ஒன்றை, அதுவும் இந்த நாளில், இப்படிக் கெடுத்துவிட்டோமே என்று அழுகை வந்தது.

ஆஸ்பத்திரி வாசலுக்கு நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். சந்தன நிறச் சேலை கட்டியிருந்தாள். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் நர்ஸ் கார்க் கதவைத் திறந்துவிட்டார். அவள் உட்காரவில்லை. குனிந்து உள்ளே பார்த்தாள். கையை நீட்டி, உள்ளங்கையைச் சீட்டின் மேல் வைத்தாள்.

"ஏனுங்க, காப்பி கலரு!"

"உனக்குமா இது காப்பி கலர்?"

"பின்ன? பழக் கலருதானே? எங்கப்பா தொடைச்ச காரு இதேதானுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாராவது அதட்டுவார்களோ என்பதுபோல ஒருதரம் சுற்றிலும் பார்த்துவிட்டு, மெல்ல ஏறி உட்கார்ந்தாள்.

இத்தனை வருஷமாக அவள் காப்பி கலர் என்று சொல்லும்போதெல்லாம் நான் டிகாக்ஷனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அன்றைக்கு மலை ஏறும்போது முதல் வளைவிலேயே, "மெதுவாப் போங்க" என்றாள். அதைக் கேட்டு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

வீட்டு வாசலில் இறங்கியபோது பார்த்தால், சந்தனச் சேலையின் முதுகெல்லாம் சிவப்பு. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சிரிக்க வெக்காதீங்க, தையல் வலிக்குது" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

சேலையில் ஒட்டிய செய்தி எனக்கு முன்னால் ஷெட்டுக்குப் போய்விட்டது. சாயங்காலமே ஈரமண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். "என்ற பேரே போச்சு அம்மிணி. அந்தச் சேலையைக் குடு, வேற எடுத்துத் தர்றேன்" என்றார்.

"வேண்டாமுங்கண்ணா. அப்பா காருல நான் உக்காந்து வந்ததுக்கு அதுதான் சாட்சி" என்றாள் அவள்.

அவரை வழியனுப்ப வெளியே வந்தபோது, நீங்கள் சொன்ன நிறம்தான் சரியாம், அந்தக் காலத்திலும் இதேதானாம் என்று ஒத்துக்கொண்டேன். மார்தட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் திகைத்துப்போய், "நெசமாலுமா?" என்றார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "ஏனுங்க, நானும் காப்பித் தூள் கலர்தானுங்க கலக்கினேன். அந்தப் பனியில கண்ணு தெரியாம செவப்பு நொம்பத் தூக்கிருச்சு. மாத்தறதுக்கு நேரமில்ல. அதுக்குத்தான் அந்தப் பழத்தைப் பறிச்சேன். ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க." நானும் இத்தனை நாள் சொல்லவில்லை.

அதற்கடுத்த குளிரில் அவருக்கு மூச்சு இளைப்பு அதிகமாகி, மகள் வந்து மலையடிவாரத்துக் குப்பனூருக்கு அழைத்துப் போய்விட்டாள். அங்கே வெயிலுக்கு என்ன குறை? காலையில் பூசினால் மத்தியானம் காய்ந்துவிடும். "வேலையில ஒரு ருசியே இல்லீங்க" என்று போனில் புலம்புவார். பேச்சை முடிக்கும்முன் தவறாமல், "மேல பனி இருக்குதுங்களா?" என்று கேட்பார். நொம்பவே இருக்கிறது என்பேன். அதைக் கேட்ட பிறகுதான் போனை வைப்பார்.

போன மழைக்காலத்தில் அவர் தவறிப்போனார். அந்தக் காரிலேதான் நானும் அவளும் குப்பனூர் ரோட்டில் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். சீட்டு இப்போது மறுபடி கொஞ்சம் வெளுத்திருக்கிறது. வேறு ஆளிடம் கொடுக்க இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. ஏரிப் பக்கமிருந்து பனி ஏறி வந்து ரோட்டை மூடும்போது லாட்ஜ் வாசலில் எல்லோரும் செல்போனை எடுக்கிறார்கள். எனக்கு மட்டும், அடடா, இன்றைக்கு ஈரமண்ணனுக்குச் சாயம் காயாதே என்றுதான் முதலில் தோன்றுகிறது.