எடைமேடை அண்ணாச்சியின் பனிமலை

கோவில்பட்டியில் புரட்டாசி மத்தியான வெயிலில் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு நடந்த ஒரே மனிதர் எங்கள் எடைமேடை அண்ணாச்சிதான். இனியும் ஒருவர் பிறக்கப்போவதில்லை என்று எழுதித் தரவும் நான் தயார்.

கயத்தாறு போகிற ரோட்டில் லாரிகளை எடை போடும் மேடைக்கு அவர் ஆபரேட்டர். எதிரே என் ஜெராக்ஸ் கடை. பாஸ்போர்ட், விசா விண்ணப்பமும் போட்டுக் கொடுப்பேன். ஊரில் பாதிப் பேரை விமானம் ஏற்றிவிட்டவன் நான். என் பாஸ்போர்ட்டில் மட்டும் ஒரு முத்திரைகூடக் கிடையாது. வேலையில்லாத நேரத்தில் செல்போனில் பனிமலை வீடியோ பார்ப்பேன். அதை அண்ணாச்சிக்குக் காட்டியதுதான் நான் செய்த தப்பு.

ஸ்காட்லாந்தில் நர்ஸ் வேலை பார்க்கும் அவர் மகள் ஜெபா, "கிறிஸ்துமஸுக்கு வாங்கப்பா" என்று கூப்பிட்டாள். விசா விண்ணப்பத்தில், போகும் காரணம் 'மகளைப் பார்க்க' என்று நான் அடித்தேன். அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "மலை ஏறன்னும் சேத்துப் போடும் வே" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. பத்து வருஷமாகப் பனிமலை பார்ப்பவன் நான். ஏறப்போகிறவர் அவரா?

"பனில ஏற ஆணி வச்ச செருப்பு, கோடாலி எல்லாம் வேணும் அண்ணாச்சி. உங்ககிட்ட என்ன இருக்கு?"

"அதெல்லாம் தேவைப்படுத மலைக்கு நான் போகல வே. ஜெபா வீட்டுக்குப் பின்னால சின்ன மலை ஒண்ணு இருக்கு. பாதை உண்டு, பாறைச் சரிவு கிடையாது. பனி இறுகிக் கண்ணாடி மாதிரி கெடந்துச்சுன்னா, அந்த இடத்துலயே திரும்பிருவேன்."

இதற்கென்றே அண்ணாச்சி நோட்டு ஒன்று போட்டுவிட்டார். அங்கே மூன்றரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடுமாம். ஆகவே எங்கே நின்றாலும் பகல் பன்னிரண்டுக்குத் திரும்பிவிடுவது. காலையில் வானிலை அறிவிப்பு பார்ப்பது. எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்கு வருவோம் என்று வீட்டில் எழுதி வைப்பது. இதற்கெல்லாம் கீழே பெரிய எழுத்தில்: 'பருத்தி கூடாது.'

"கரிசல்ல நின்னுக்கிட்டு பருத்தி கூடாதுங்கீங்களே!"

"நனைஞ்ச பருத்தி உடம்புச் சூட்டப் பூரா உறிஞ்சிரும் வே."

எனவே பனியனுக்குப் பதிலாகக் கபடி டீமின் பாலியெஸ்டர் சட்டை, முதுகில் ஏழாம் நம்பரோடு. அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர் இரண்டு, மேலே மழைக்கோட்டு. ராத்திரி வயலில் கிடை போடும் ஆட்டுக்காரர்கள் நெற்றியில் மாட்டும் லைட்டு ஒன்று பக்கத்து ஊர் இடைசெவலிலிருந்து வந்தது. பைக்குள் தண்ணீர் இறங்காமலிருக்க உரமூட்டையின் உள்பை. கையுறை இரண்டு ஜோடி. குரங்குக் குல்லாவைப் பழக்கத்துக்காக அன்றிலிருந்தே மாட்டிக்கொண்டார்.

பையோடு எடைமேடையில் ஏறினார். எழுபது கிலோ காட்டியது. பையை இறக்கிவிட்டு ஏறினார். அதே எழுபது. "பைல வெயிட்டே இல்ல வே!" என்று பூரித்துப் போனார். லாரி எடை போடும் மிஷின் பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும் என்பது முப்பது வருஷ ஆபரேட்டருக்குத் தெரியாதா? சந்தோஷத்தில் மறந்துவிட்டார்.

அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்று சாயங்காலமே ஜெபாவுக்குப் போன் போட்டேன். "அம்மாடி, சொல்லக் கூடாதுதான்... அப்பாவுக்கு நாலு எட்டு வச்சாலே மூச்சு வாங்குது." சுத்தப் பொய்.

மறுநாள் அண்ணாச்சி கடைக்கு வந்தார். குல்லா இல்லை. நோட்டை மேசைமேல் போட்டார்.

"மலை கெடையாதுன்னுட்டா வே. எனக்கு மூச்சு வாங்குதாம். யாரு சொன்னான்னு கேட்டா சொல்ல மாட்டேங்கா."

எதிரே இரண்டு லாரிகள் ஹாரன் அடித்தன. அவர் திரும்பவே இல்லை. அந்த மூஞ்சியை என்னால் பார்க்க முடியவில்லை.

"நான்தான் அண்ணாச்சி சொன்னேன்."

"ஏம்வே?"

"பொறாமை."

அடிப்பார் என்று நினைத்துக் கொஞ்சம் பின்னால் நகர்ந்தேன். அவர் மேசைமேல் கிடந்த நோட்டைக் கையில் எடுத்தார். "எடைல சந்தேகம்னா மறுக்கா ஏத்திப் பாக்கணும். கழுகுமலைக்குப் போவோம், கெளம்பும்."

குல்லா, இரண்டு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, முதுகில் பை. அந்தக் கோலத்தோடு வெயிலில் பாறையேறினார் அண்ணாச்சி. நான் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, போனில் படம் பிடித்தபடி பின்னால் போனேன். பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உச்சிக்குப் போனவர் இறங்கி வந்து, எனக்குத் தண்ணீர் கொடுத்து, ஸ்வெட்டரைக் கழற்றிப் பிழிந்தார்.

வீடியோவைப் பார்த்த ஜெபா, "யாரு மாமா அங்கன புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுதது?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். உண்மையையும் சொன்னேன். நன்றாகத் திட்டினாள். பிறகு, அப்பாவைத் தனியாக விடுவதில்லை, தானும் கூடப் போவது என்ற நிபந்தனையோடு சம்மதித்தாள்.

டிசம்பரில் அண்ணாச்சி ஸ்காட்லாந்து போய் இறங்கினார். முதல் இரண்டு முறை காற்று பலமென்று அறிவிப்பு, வீட்டைவிட்டே கிளம்பவில்லை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது, அதை மறைப்பானேன்? மூன்றாவது முறை, இங்கே சாயங்காலம் ஐந்தரைக்கு வீடியோ அழைப்பு வந்தது. குல்லாவுக்குள் மூக்கு மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

"உச்சி தெரியுது வே. ஆனா பாதைல பனி கண்ணாடியா கெடக்கு. மணியும் பன்னெண்டாச்சு. திரும்புதேன்."

"இவ்வளவு தூரம் போயிட்டு வருத்தமா இல்லையா அண்ணாச்சி?"

"என்ன வருத்தம்? போட்ட பிளான்படிதான திரும்புதேன்." அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. திரும்பி வருகிற மனிதரைப் பார்த்தும் பொறாமைப்பட்டவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

"இரும், உமக்குக் காட்டுதேன்" என்று போனைத் திருப்பினார். பின்னாலிருந்து ஜெபாவின் குரல் கேட்டது: "எப்பா, போனப் பிடிக்கக் கையுறையக் கழட்டாதீங்கன்னா கேக்க மாட்டேங்கீங்க!"

"சும்மா கெட ஏட்டி. அவன் பாக்கட்டும். தெரியுதா வே? நல்லாப் பாரும்."

திரையில் ஒன்றும் தெரியவில்லை. வெறும் வெள்ளை. கை நடுங்குவதில் அந்த வெள்ளையும் நடுங்கியது.

"தெரியுது அண்ணாச்சி, எல்லாம் நல்லாத் தெரியுது" என்றேன். "மொதல்ல கையுறையப் போடுங்க."