மாமனார் வண்டியில் பதினாறு வோல்ட்

டாஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு அணைந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு பானெட்டை மூடிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். மாப்பிள்ளை போகவில்லை. காரணம், வண்டி மாமனாருடையது.

மாப்பிள்ளை பேர் எடுத்த ஆட்டோ எலக்ட்ரீஷியன். வீட்டு முன்னாலேயே ஷெட். ஆனாலும் கல்யாணம் ஆனதிலிருந்து மாமனார் தன் காரை அந்த ஷெட்டுக்குள் விட்டதே கிடையாது. ஒரு பல்பு மாற்றவேண்டும் என்றாலும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போவார். "அங்க ஏசி ரூம்ல உக்கார வச்சு காபி குடுக்கறாங்க" என்பது அவர் சொல்லும் காரணம். சொல்லாத காரணம் மாப்பிள்ளைக்கு நன்றாகவே தெரியும்.

நேற்று மகள் வீட்டுக்கு மாமியாரோடு வந்து இறங்கும்போது அந்த விளக்கு எரிந்தது. சடாரென்று பிரேக் மிதித்தால் சக்கரம் இறுகிச் சறுக்காமல் காக்கிற சமாச்சாரம் வேலை செய்யவில்லை என்று அதற்கு அர்த்தம்.

"அவர் பாத்துக்குவார்ப்பா," என்று மகள் ஒற்றைக் காலில் நின்றாள்.

"சரி, பாக்கட்டும். சாயங்காலம் நான் கிளம்பணும். ஆகலைன்னா சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன். வந்து கட்டி இழுத்துட்டுப் போயிடுவாங்க," என்றார் மாமனார்.

மாப்பிள்ளையின் ஷெட் வாசலிலிருந்து மாமனார் வண்டியை இன்னொருத்தன் கட்டி இழுத்துப் போவதா? தெருவே பார்க்கும். அதற்கப்புறம் இங்கே தொழில் செய்த மாதிரிதான்.

காலையில் ஸ்கேனரை மாட்டினார். ஏபிஎஸ் பெட்டிக்கு வோல்டேஜ் ஒழுங்காக வரவில்லை என்றது. குனிந்து பார்த்தால் அந்தப் பெட்டியின் எர்த் ஒயர் போல்ட் துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. சுரண்டி, இறுக்கினார். விளக்கு அணைந்தது.

"முடிஞ்சுதா மாப்பிள்ளை?"

மாமனார் ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விடியும் முன்பே எழுந்து ஷெட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தவர் அவர். மடியில் அவருடைய பாக்கெட் ரேடியோ. நேற்று மாலை இருமிக்கொண்டே செய்தி வாசித்த ரேடியோ, இன்று தொண்டையைத் திறந்து பாடியது.

"விளக்கு அணைஞ்சா மட்டும் போதாது மாமா. அளந்து பாத்துத்தான் அனுப்புவேன்."

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் மாமனார் முன்னால் கொஞ்சம் கெத்துக் காட்டவேண்டுமே. வோல்டேஜ் அளக்கிற மல்டிமீட்டரை எடுத்தார். அதன் கண்ணாடி ஒரு மூலையில் விரிசல் விட்டு, கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. எஞ்சினை ஓடவிட்டு வண்டி பேட்டரியில் வைத்து அளந்தார்.

பதினாறு வோல்ட்.

"என்ன மாப்பிள்ளை, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"பதினாலரைக்கு மேல போகக்கூடாது மாமா. இப்படியே ஓட்டினா பெட்டியே கருகிடும். பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தற ஆல்டர்னேட்டர்ல, வோல்டேஜை அடக்கி வைக்கற ரெகுலேட்டர் போயிருக்கணும்."

"சர்வீஸ் சென்டர்ல இப்படியெல்லாம் சொன்னதே இல்லையே," என்று மாமனார் ரேடியோவிடம் சொன்னார்.

மாப்பிள்ளை காதில் வாங்காத மாதிரி ரெகுலேட்டரைக் கழற்றிப் புதிதாகப் போட்டார். அளந்தார். பதினாறே முக்கால்.

"ஏறுதே?" என்றார் மாமனார்.

"ஏறும் மாமா. அப்புறம் இறங்கும்."

இறங்கவில்லை. நல்லவேளையாக மாப்பிள்ளையின் காரும் அதே மாடல். அதிலிருந்த ஆல்டர்னேட்டரை அப்படியே பிடுங்கி மாமனார் வண்டியில் மாட்டினார். பதினேழைத் தாண்டியது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, நம்ம கார் ஏன் பல்லு புடுங்கின மாதிரி நிக்குது?"

"நீ உள்ள போ."

"அப்பா வண்டி விளக்குதானே எரிஞ்சுது?"

"உள்ள போன்னு சொல்றேன்ல."

அடுத்து ஒயரிங்கையே சந்தேகப்பட்டார். ஃபியூஸ்களை உருவினார், ரிலேக்களை மாற்றினார், ஏபிஎஸ் பெட்டியின் சாக்கெட்டையும் கழற்றிப் பார்த்தார். இப்போது ஏபிஎஸ் விளக்கு மறுபடி எரிந்தது. கூடவே துணைக்கு நாலைந்து விளக்குகளும் எரிந்தன. ஹாரன் மட்டும் வாயை மூடிக்கொண்டது. மாப்பிள்ளைக்கு அழுகை வராத குறை.

வெயில் சாய்ந்தது. மாமனார் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"ஒரே நிமிஷம் மாமா," என்று மாப்பிள்ளை அலமாரிக்கு ஓடி, ஒரு புத்தம்புது கார் பேட்டரியைத் தூக்கிவந்தார். மாட்டுவதற்கு முன், தரையில் வைத்தே அளந்தார்.

பதினைந்து.

அப்படியே உட்கார்ந்துவிட்டார். எந்த வண்டியிலும் மாட்டாமல் சும்மா கிடக்கிற பேட்டரி பன்னிரண்டரையை ஒட்டித்தான் காட்டும். கோளாறு வண்டியில் இல்லை. மீட்டரில்.

மூலையில் இருந்த கறுப்பு டேப்பை உரித்தார். அதற்கு அடியில், உள் பேட்டரி தீர்ந்துவிட்டது என்கிற குறி இத்தனை நேரமும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பின்மூடியைத் திறந்தார். உள்ளே பச்சை பூத்த ஒரு பழைய சதுர பேட்டரி.

"போன வாரம்தானே புதுசு போட்டேன்?" மாப்பிள்ளை அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது செத்துப்போனா மீட்டர் எல்லாத்தையும் கூட்டித்தான் காட்டும் மாமா. உங்க வண்டி காலையிலேயே சரியாயிடுச்சு. அந்த ஒரு போல்ட்தான்."

மாமனார் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"அதாவது, காலையில நல்லா இருந்த வண்டிய சாயங்காலம் வரைக்கும் பிரிச்சிருக்கீங்க. தொழில் பண்றவங்க முதல்ல தன் சாமானைப் பாத்து வச்சுக்கணும் மாப்பிள்ளை. இதுக்குத்தான் நான் சர்வீஸ் சென்டருக்குப் போறது."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். மாமனார் திருப்தியாக ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

அப்போதுதான் மாமியார் டீ கொண்டுவந்தார். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர், தரையில் கிடந்த பச்சை பூத்த பேட்டரியை ஒரு பார்வை பார்த்தார். டம்ளரைக் கணவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"ஏங்க, உங்க பழைய பேட்டரிய மாப்பிள்ளை கண்டுபிடிச்சுட்டாரு. ரேடியோவுல இருக்கற அவரோடதக் கழட்டிக் குடுத்துடுங்க."